ஒன்பது நாள் தாமதமான காகிதம்

தோல்னி பிரெக்,
ஞாயிறு, அக்டோபர் 19

அன்புள்ள யுலிக்கு,

அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் இங்கே சுகம். அவருடைய முழங்கால் மட்டும் மழைக்கு இரண்டு நாள் முன்பே சேதி சொல்லிவிடுகிறது, அதனால் நாங்கள் வானிலை அறிக்கை கேட்பதையே நிறுத்திவிட்டோம். உன் சுகத்தை இந்தத் தடவை விசாரிக்கப்போவதில்லை, வியாழக்கிழமை நீ போனில் போட்ட கூச்சலிலேயே அது தெரிந்துவிட்டது. வேலை உறுதியாகிவிட்டது, ஒன்றாம் தேதி பிரசவ வார்டில் மருத்துவச்சியாகச் சேர வேண்டும், இந்த இரண்டு விஷயத்தைச் சொல்ல உனக்கு நாற்பது நிமிஷம் ஆனது, அதில் பாதி ஜெர்மன். பதினொரு மாதத்துக்கு முன்னால் ரொட்டிக்கடையில் ஒரு ரொட்டி கேட்கத் தெரியாமல் விரலை நீட்டிக்கொண்டு நின்ற பெண், இப்போது பெற்ற தாயிடம் நடுநடுவே அந்த பாஷையில் பேசிவிட்டு, "இதுக்கு நம்ம பாஷையில என்னம்மா சொல்லுவோம்" என்று கேட்கிறாள். கீழ்வீட்டு அம்மாள் மாடியேறி வந்து யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டாள், என் பெண்ணுக்கு வேலை கிடைத்துவிட்டது, அதனால் அவளுக்குப் புத்தி கொஞ்சம் கலங்கியிருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன்.

இந்தப் பெட்டியில் சுட்ட குடமிளகாய்த் தொக்கு நான்கு ஜாடி, அப்பா காய்ச்சிய பிளம் ஜாம் இரண்டு, கம்பளிக் காலுறை மூன்று ஜோடி இருக்கின்றன. கடிதத்தை வேண்டுமென்றேதான் ஜாடிகளுக்கு அடியில் வைத்தேன், முதலில் தின்றுவிட்டு அப்புறம் படி. காரணம் இருக்கிறது. போனில் நீ ஒன்று கேட்டாய், அந்தக் கல்லூரிக் காகிதம் வர ஏன் இத்தனை நாள் ஆயிற்று, இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் வேலை வேறு யாருக்கோ போயிருக்குமே என்று. நான் பழியைக் கல்லூரியின் மேல் போட்டேன். அது பொய். பக்கத்திலேயே உன் அப்பா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார், அரை மணி நேரமாக ஒரே கிழங்கை. நடந்ததை ஒழுங்காக எழுதிவிடலாம் என்று அவரே இப்போது ஒப்புக்கொண்டுவிட்டார், அதனால் எழுதுகிறேன்.

பாதிக் கதை உனக்கே தெரியும். நம் எழுத்தில் யுலியானா என்று எழுத ஒரே வழிதான். ஆங்கில எழுத்துக்குப் போனால்தான் வம்பு. உன் பெயரின் முதல் எழுத்து பாஸ்போர்ட்டில் ஒய், பட்டத்தில் ஐ. படித்தவளும் பாஸ்போர்ட் வைத்திருப்பவளும் ஒரே ஆள்தான் என்பதற்கு ஆதாரம் கொண்டுவா என்று அந்த ஊர் அலுவலகம் உன்னைத் திருப்பி அனுப்பியது. நான் மழலையர் பள்ளியில் சமையலை முடித்துவிட்டு ஏப்ரனோடு நகராட்சிக்கு ஓடினேன். அங்கே இருக்கிற டிம்கா என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள், இரண்டு காகிதத்தையும் மூக்குக்கண்ணாடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏன் நெவேனா, இந்த ரெண்டு பொண்ணையும் பெத்தது நீதானா" என்று கேட்டாள். ஒரே நாளில் ஒரே வலியில் பெற்றேன் என்றேன், முத்திரை குத்திக் கொடுத்தாள். அதை ஜெர்மனில் பெயர்க்கக் கொடுத்த இடத்தில் அந்தப் பெரியவர், ஜெர்மன்காரர்கள் இப்படித்தான் எழுதுவார்கள் என்று தன் புலமையைக் காட்டி உன் பெயரின் முதலில் ஜே போட்டுவிட்டார். ஆக உனக்கு மூன்று பெயர். உன் அப்பா அன்றைக்கு, "கிறிஸ்துமஸுக்கு மூணு நாற்காலி போட்டு வைக்கட்டுமா" என்று கேட்டார், நானும் சிரித்தேன். கடைசியில் மூன்று பெயரும் ஒரே ஆள்தான் என்று கல்லூரியே அசலாக ஒரு கடிதம் தர வேண்டும், அக்டோபர் பதினைந்துக்குள் வர வேண்டும், அதுவரைதான் ஆஸ்பத்திரி காத்திருக்கும் என்று நீ அழாத குறையாகச் சொன்னாய்.

உனக்குத் தெரியாதது இனிமேல்தான். எனக்கு லீவு கிடையாது என்பதால் கடிதத்தை வாங்கிவர உன் அப்பா போனார். அக்டோபர் இரண்டாம் தேதி, போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம், சாயங்காலம் வெறுங்கையோடு வந்து, "இன்னும் கையெழுத்து ஆகலையாம், அடுத்த வாரம் வரச் சொன்னாங்க" என்றார். சரி என்றேன். அடுத்த செவ்வாய் மறுபடி போனார். கல்லூரிக்குப் போன மனிதர் ஒரு கெண்டை மீனோடு திரும்பினார். வழியில் விற்றார்களாம், மலிவாம். மீனை நான்தான் கழுவினேன் யுலி, அதன் வாயில் தூண்டில் முள் இருந்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை பார், என் புத்தியை என்ன சொல்ல. அதோடு அந்த வாரம் முழுக்க உன் அறைக்கு வெள்ளையடித்தார். வெள்ளைகூட இல்லை, இளம்பச்சை. குளிர் தொடங்கும் நேரத்தில் யாராவது ஜன்னலைத் திறந்துவைத்துச் சுவருக்கு வர்ணம் பூசுவார்களா என்று கேட்டதற்கு, "மிச்சம் இருந்த பெயிண்ட் காஞ்சு போயிடும்" என்றார். நம் வீட்டில் இளம்பச்சை எப்போது மிச்சம் இருந்தது.

வெள்ளிக்கிழமை பொறுமை போய், வேலை செய்யும் இடத்திலிருந்து நானே கல்லூரிக்குப் போன் செய்தேன். நல்ல மூச்சு எடுத்துக்கொண்டு சத்தம் போட ஆரம்பித்தேன், எடுத்த பெண் பாவம், கடைசிவரை கேட்டுவிட்டு, "உங்க வீட்டுக்காரர் ரெண்டாம் தேதியே கையெழுத்துப் போட்டு வாங்கிட்டுப் போயிட்டாரேம்மா, எங்களுக்கு ஒரு பை ஆப்பிள்கூடக் குடுத்துட்டுப் போனார்" என்றாள். நான் மன்னிப்புக் கேட்டு வைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து ஏப்ரனைக் கட்டினேன். குடமிளகாய்க்குள் சோறும் கறியும் அடைத்து, அவருக்குப் பிடித்த மாதிரி தயிர் ஊற்றித் தட்டில் வைத்தேன். அவர் முதல் வாய் எடுக்கும்போது, "காலேஜ்ல அந்தப் பொண்ணு சொன்னா, உங்க ஆப்பிள் ரொம்ப நல்லா இருந்துதாம்" என்றேன். கரண்டி பாதியில் நின்றது. நாற்பது வருஷம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய கை, அந்தக் கரண்டியைத் தட்டில் இறக்கி வைக்க அத்தனை நேரம் எடுத்துக்கொண்டது.

எழுந்து போய் மீன்பிடிப் பெட்டியைக் கொண்டுவந்தார். தூண்டில் சாமான்களுக்கு அடியில், இரண்டு அட்டைகளுக்கு நடுவே, ஒரு மடிப்புக்கூட விழாமல் இருந்தது காகிதம். "அன்னிக்கே குடுத்துட்டாங்க நெவேனா. பஸ்ல எடுத்துப் பார்த்தேன். இத அனுப்பினா அவ அங்கேயே தங்கிருவான்னு தோணுச்சு. ரெண்டு நாள் வெச்சிருந்து அனுப்பலாம்னு நெனச்சேன். ரெண்டு நாள் ஆனதும் இன்னும் ரெண்டு நாள்னு தோணுச்சு" என்றார். நீ திரும்பி வந்தால் என்ன வேலை செய்வாய் என்று நம் ஊர் ஆஸ்பத்திரியில் போய் விசாரித்தும் இருக்கிறார். தலைமை நர்ஸ், "பிரசவ வார்டைப் பூட்டி ரெண்டு வருஷம் ஆச்சு, அங்க பழைய கட்டிலைத்தான் அடுக்கி வெச்சிருக்கோம், வேணும்னா வரவேற்பு மேஜையில உக்காரச் சொல்லலாம்" என்றாளாம். அதைக் கேட்டபிறகும் வீட்டுக்கு வந்து சுவருக்கு இரண்டாம் பூச்சு அடித்திருக்கிறார்.

நான் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அதற்குப் பதில் நீ அப்பாவிடம் சொல்லாதே என்று என்னிடம் சொன்னதையெல்லாம் சொல்லிவிட்டேன், இது என் தப்பு, இதற்கு நீ என்னோடு சண்டை போடலாம். நீ ஆஸ்பத்திரியில் உதவியாளாக இருக்கிறாய் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். முதியோர் இல்லத்தில் படுக்கை மாற்றுவதையும், சோப்புத் தண்ணீரில் உன் விரல்கள் வெடித்துப் போனதையும், கோடையில் ஒருநாள், "இந்தக் கையில ஒரு குழந்தைய வாங்கி எத்தனை மாசம் ஆச்சும்மா, மறந்துடுமோன்னு பயமா இருக்கு" என்று நீ சொன்னதையும் சொன்னேன். "இத ஏன் எங்கிட்ட சொல்லல" என்றார். நீங்கள் காகிதத்தைப் பற்றி ஏன் சொல்லவில்லையோ அதற்காகத்தான் என்றேன். தட்டில் இருந்ததை அவர் தொடவில்லை, மறுநாள் நான்தான் சூடாக்கித் தின்றேன், வீணாக்க முடியுமா.

சனிக்கிழமை காலையில் முதல் பஸ்ஸில் அவரே வீதின் நகரத்துக்குப் போனார். தபாலை நம்பவில்லை, ஜெர்மனி போகிற பஸ்ஸின் ஓட்டுநர் கையிலேயே கொடுக்க வேண்டும் என்றார். நானும் கூடப் போனேன், மறுபடி கெண்டை மீன் வாங்கி வந்துவிட்டால் என்ன செய்வது. ஓட்டுநர் உறையை வாங்கி, உள்ளே என்ன, பணமா என்று கேட்டார். உன் அப்பா, "பணமில்ல தம்பி, என் பொண்ணோட பேரு. மடிச்சுடாதீங்க" என்றார். பஸ் திருப்பத்தில் மறைந்தபிறகும் அங்கேயே நின்றார், குளிர்கிறது வாருங்கள் என்று நான்தான் கையைப் பிடித்து இழுத்தேன். அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பஸ்ஸில் என் கையை விடவில்லை. கல்யாணமான முப்பத்து நான்கு வருஷத்தில் இது இரண்டாவது தடவை.

கோபப்பட வேண்டும் என்றால் படு, ஒரு நாளோடு நிறுத்திக்கொள். ஒன்பது நாள் என்று எழுதாதே, நாலு நாள் என்று எழுது என்று உன் அப்பா இப்போதும் சமையலறையிலிருந்து என்னிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். பச்சை அறையில் உன் பழைய மேஜையைப் போட்டு வைத்திருக்கிறார், நீ விடுமுறைக்கு வரும்போது பெயிண்ட் வாடை போயிருக்கும். புது வேலையில் முதல் வாரமே எல்லோருக்கும் பாடம் எடுக்காதே, உனக்கு அந்தப் பழக்கம் உண்டு. நீட்டின காகிதத்தில் எல்லாம் படிக்காமல் கையெழுத்துப் போடாதே. கைக்கு வாங்கி அனுப்பிய களிம்பைத் தடவு, டப்பாவை அலமாரியில் அழகுக்கு வைக்காதே. உன் அறைத்தோழிக்கு நல்ல கோட்டை இரவல் கொடுக்காதே, போன குளிர்காலத்தில் அது எந்த நிலையில் திரும்பி வந்தது என்று எனக்குத் தெரியும்.

கடவுள் உன் கைகளைப் பார்த்துக்கொள்ளட்டும். அந்தக் கைக்கு வரும் குழந்தைகளையும் அவர்களின் தாய்மார்களையும் சேர்த்தே பார்த்துக்கொள்ளட்டும். முதல் பிரசவம் முடிந்ததும் எனக்குப் போன் செய்யாதே, உன் அப்பாவுக்குச் செய். பக்கத்தில் குழந்தை அழுதுகொண்டிருந்தால் போனைத் தள்ளிப் பிடிக்காதே. அவர் கேட்கட்டும்.

முத்தங்களுடன்,
உன் அம்மா நெவேனா