கமான் பட்டையும் கண்ணாடி வளையலும்

மைசூர்,
17-11-96

அன்பு மகன் உதயகுமாருக்கு அம்மா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. மாதேஸ்வரன் புண்ணியத்தில் இங்கே நாங்கள் கை கால் சுகத்தோடு இருக்கிறோம். அந்த வெயில் ஊரில் நீ வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன், இல்லையென்றால் இல்லை என்றே எழுது, மறைக்காதே. உன் கடிதம் வந்தது. முதலில் நான் படித்தேன், பிறகு உன் அப்பா வழக்கம்போல வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தெருவுக்கே கேட்கிற மாதிரி சத்தமாகப் படித்தார். அம்மா பிடிவாதம் பிடிக்காதே, தங்கச்சி காவேரிக்குப் புகுந்த வீட்டில், கொள்ளேகாலத்திலேயே பிரசவம் ஆகட்டும், இல்லை அழைத்துத்தான் வர வேண்டும் என்றால் ஒரு வாடகை வேன் எடுங்கள், அந்தப் பழைய காரை யார் தலையிலாவது கட்டிவிடுங்கள் என்று எழுதியிருந்தாய். நீ சொன்னதில் ஒன்றைக்கூட நாங்கள் செய்யவில்லை கண்ணு, செய்யப் போவதும் இல்லை. துபாயில் கண்ணாடி போல ரோட்டில் ஓட்டுகிறவனுக்கு இதெல்லாம் எங்கே விளங்கப் போகிறது, அதனால் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

போன வருஷ தசராவுக்கு உன் தங்கச்சி மூன்று மாசக் கருவோடு நம் காரில் வந்து ஜம்பு சவாரி யானை ஊர்வலம் பார்த்துவிட்டுப் போனதும், போன கொஞ்ச நாளில் அது கலைந்ததும் உனக்குத் தெரியும். இதற்கும் காருக்கும் சம்பந்தமே இல்லை, யார் மேலும் தப்பு இல்லை என்று டாக்டரம்மா அவள் மாமியார் முகத்துக்கு நேராகவே சொன்னார். ஆனால் சம்பந்தியம்மா சித்தம்மா கேட்கிற ஆளா? ஏனுங்க, அது காருங்களா கட்டை வண்டிங்களா, அது குடுத்த குலுக்கல்ல கல்லே கரைஞ்சிரும், கரு எங்கீங்க நிக்கும், என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். இந்தத் தடவை காவேரிக்கு மாசம் ஏற ஏற, முதல் பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்கு அனுப்ப மாட்டேன், அந்த வண்டியில ஏத்தவே மாட்டேன் என்று ஒரே பிடி. நான் எஸ்.டி.டி பூத்துக்குப் போய் போன் போட்டேன். காவேரி எடுத்தாள், பக்கத்தில் மாமியார் நிற்கிறார் என்று குரலிலேயே தெரிந்தது. எப்படி இருக்கிறாய் என்றேன், நல்லா இருக்கேன் என்றாள். பிறகு, அம்மா நம்ம காரு நல்லா ஓடுதா, என்று மட்டும் கேட்டாள். அவ்வளவுதான். வந்து அழைத்துப் போ அம்மா என்று வாய்விட்டுக் கேட்க முடியாமல் என் பெண் அதைக் கேட்டாள் உதயா. ஓடுதுடி தங்கம் என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன், பூத்துக்காரன் பார்க்கிறான் என்றுகூடப் பார்க்காமல் அங்கேயே நின்று அழுதேன். அழுது முடித்ததும் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. பழி இந்தக் கார் மேல்தானே? அப்படியானால் இந்தக் காரிலேயேதான் என் பெண் வருவாள். வாடகை வேனில் அழைத்து வந்தால் பழியை நாங்களே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

கார் குலுக்காது என்று நான் சொல்லவில்லை. குலுக்கும், நன்றாகவே குலுக்கும். அது டாக்ஸிக்கார ஜடையனிடமிருந்து நாம் வாங்கிய அம்பாசடர்தானே. ஏழெட்டுப் பேரை அடைத்துக்கொண்டு மாதேஸ்வரன் மலை ஏற வேண்டும் என்று அவர் பின் சக்கரத்துக்கு மேலே கமான் பட்டைகளை, அதுதான் அந்த வில் மாதிரி வளைந்த இரும்புப் பட்டைகளை, கூடுதலாகச் சொருகி வைத்திருந்தார். கட்டட மேஸ்திரி வேலைக்கு உன் அப்பாவுக்கு அது ரொம்பத் தோதாகப் போயிற்று, சிமெண்ட் மூட்டை என்ன, டைல்ஸ் என்ன, எதை ஏற்றினாலும் பின்பக்கம் தாழாது. பாரம் இருந்தால் பசு மாதிரி போகும், ஒற்றை ஆள் பின்னால் உட்கார்ந்தால் தூக்கித் தூக்கிப் போடும். இதைச் சொன்னால் உன் அப்பா ஒப்புக்கொள்ளவே இல்லை, எனக்கு ஒண்ணும் தெரியலையே, நல்லாத்தானே போகுது என்றார். ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் உட்காருகிறவருக்கு எப்படித் தெரியும்? இத்தனை வருஷத்தில் இந்தக் கார் எப்படிப் போகிறது என்று பின் சீட்டில் உட்காருகிறவளை ஒருவராவது கேட்டீர்களா? நீ இங்கே இருந்தபோது நீயும்தான் கேட்டதில்லை.

கடைசியில் உன் அப்பா ஒரு யோசனை சொன்னார் பார், மேஸ்திரிக்குத்தான் அப்படித் தோன்றும். பாரம் இருந்தால்தானே மெத்தென்று போகிறது, டிக்கியில் இரண்டு சிமெண்ட் மூட்டை போட்டுக்கொண்டு போய் காவேரியை அழைத்து வந்துவிடலாம் என்றார். சரி பார்ப்போம் என்று நான் பின் சீட்டில் ஏறினேன். நேரான ரோட்டில் உண்மையிலேயே நன்றாகத்தான் போயிற்று, நானும் அட பரவாயில்லையே என்று நினைத்தேன். வருணா ஊரைத் தாண்டி ஒரு திருப்பத்தில் பின்பக்கம் மட்டும் தனியாக வேறு ஊருக்குப் போகிற மாதிரி இழுத்தது, அடுத்த பள்ளத்தில் ஒரு மூட்டை கிழிந்து சீட்டுச் சந்து வழியாகப் பொடி எல்லாம் உள்ளே வந்துவிட்டது. திரும்பி வருகிற வரைக்கும் தும்மல். இறங்கினபோது என் தலை, புடவை எல்லாம் சாம்பல் பூத்துப் போயிருந்தது, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பேய் பேய் என்று ஓடின. என் மகளைத் தாய் வீட்டுக்கு அழைத்து வருகிறேனா, உங்கள் கட்டட வேலைக்குச் சாமான் ஏற்றி வருகிறேனா என்று நான் கத்தின கத்தலில் அவர் அன்றைக்கு இரண்டாவது தடவை காபிகூடக் கேட்கவில்லை.

மறுநாள் நானே கூடப் போய் தேவராஜ மொஹல்லாவில் மெக்கானிக் லிங்கப்பன் ஷெட்டில் காரைப் போட வைத்தேன். லிங்கப்பன் அடியில் குனிந்து பார்த்துவிட்டு, இது காரு அல்லா அக்கா, லாரி, என்று அவன் கன்னடத்தில் சொல்லிச் சிரித்தான். அதிகமாகப் போட்ட பட்டைகளைக் கழற்றினால்தான் இந்தத் துள்ளல் போகும், ஆனால் அப்புறம் இதில் சிமெண்ட் ஏற்ற முடியாது என்றான். உன் அப்பா முகம் சுருங்கிவிட்டது. பாவம், அவர் பிழைப்பும் இருக்கிறதே. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் பீடியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார், பிறகு, கழட்டுப்பா, மூட்டைக்கு நான் டெம்போ சொல்லிக்கிறேன், என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக நான் அவரை எத்தனை நாள் வேண்டுமானாலும் பொறுத்துக்கொள்வேன், இதை அவரிடம் சொல்லிவிடாதே. பட்டையைக் கழற்றியதும் ஆயிற்று என்று நினைத்தால் அது வேறு கூத்து. துள்ளல் போயிற்று, ஆனால் ஒரு பள்ளத்தில் இறங்கினால் அடுத்த மைல் கல் வரைக்கும் மேலும் கீழும் ஆடிக்கொண்டே போனது, பரிசலில் போகிற மாதிரி. எனக்குக் குமட்டி, வண்டியை நிறுத்தச் சொல்லி ரோட்டோரம் வாந்தி எடுத்தேன். ஷாக் அப்சார்பர் நாலும் செத்துக் கிடந்தது, பட்டை கெட்டியாக இருந்தவரைக்கும் அது தெரியவில்லை. நாலையும் புதிதாகப் போட்டு, தேய்ந்து போன ரப்பர் புஷ் எல்லாம் மாற்றி, மூட்டைக்காக டயரில் கல் மாதிரி அடைத்து வைத்திருந்த காற்றையும் குறைத்தான். சாகு அக்கா, ஆயித்து, அதாவது போதும், முடிந்தது என்று துணியில் கையைத் துடைத்தான். உனக்கு ஆயிற்று, எனக்கு ஆகவில்லை என்று மறுபடி ஏறி உட்கார்ந்தேன். இந்தத் தடவை பிளாஸ்கைத் திறந்து, ஓடுகிற காரிலேயே டம்ளரில் காபி ஊற்றிக் குடித்தேன், புடவையில் ஒரு சொட்டு சிந்தவில்லை. திருப்பத்தில் முன்னே மாதிரி ஒரேயடியாகச் சாயவும் இல்லை. அதன் பிறகுதான் போதும் என்றேன்.

ஏழாம் மாசம் வளைகாப்புக்கு அந்தக் காரிலேயே போய் இறங்கினோம். இரண்டு கை நிறையப் பச்சையும் சிவப்புமாக வளையல் அடுக்கி, பூ வைத்து, பார்க்கக் கண் கொள்ளவில்லை உன் தங்கச்சியை. வந்த பெண்கள் எல்லோருக்கும் போட்ட மாதிரி என் கைக்கும் பச்சை வளையல் போட்டார்கள். சாப்பாடு ஆனதும் நான் எழுந்து, சபையிலேயே, இன்னைக்கு என் பொண்ணைக் கூட்டிட்டுப் போறேனுங்க சம்பந்தி, சந்தேகம் இருந்தா நீங்களும் கூட ஏறுங்க, என்றேன். சித்தம்மா என்னைப் பார்த்தார், காரைப் பார்த்தார், எங்கிட்டயே சவாலுங்களா, வாரேன், ஆனா வழியில எம் மருமக கையில ஒத்தை வளையல் ஒடைஞ்சாலும் அது நல்ல சகுனமில்லீங்க, அந்த எடத்துலயே வண்டியத் திருப்பிப்போடோணும், என்றார். சரி என்றேன். அவர் காவேரியின் கையைப் பிடித்து வளையல்களை ஒன்று விடாமல் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் ஏறினார். நடுவில் காவேரி, இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். மூகூர் வரைக்கும் கதவுப் பிடியை விடாமல் உட்கார்ந்திருந்தார், அதன் பிறகு பார்க்கிறேன், வாயைத் திறந்துகொண்டு குறட்டை! கட்டை வண்டியில் யாராவது அப்படித் தூங்குவார்களா என்று நீயே சொல்.

இனி சொல்லப் போவதை நிதானமாகப் படி. நரசீபுரம் பாலம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் கரும்பு ஏற்றின மாட்டு வண்டி ஒன்று வயலிலிருந்து திடீரென்று ரோட்டில் ஏறிவிட்டது. உன் அப்பா பிரேக் அடித்து ஒடித்தார், கார் மண்ணில் இறங்கி மறுபடி தாரில் ஏறியது. பழைய காராக இருந்தால் மூன்று பேரும் கூரையில் முட்டியிருப்போம். இது லேசாகச் சாய்ந்தது, உடனே நிமிர்ந்தது, அவ்வளவுதான். கார் சரியாகத்தான் நடந்துகொண்டது, நான்தான் பயத்தில் காவேரியின் மணிக்கட்டை இறுகப் பிடித்துவிட்டேன். நறுக்கென்று ஒரு வளையல் என் விரலுக்குள் உடைந்தது. போன வருஷம் நடந்தது கண் முன்னால் வந்தது உதயா, திருப்பச் சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். சித்தம்மா அரைத் தூக்கத்தில், நரசீபுரம் வந்திருச்சுங்களா, என்றார், வந்திருச்சுங்க, தூங்குங்க, என்றேன், மறுபடி குறட்டை. காவேரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த எஸ்.டி.டி பூத்தில் கேட்ட அவள் குரல் மறுபடி எனக்குக் கேட்டது. என்ன பெரிய சகுனம்? கண்ணாடி வளையல் கடைத்தெருவில் கூடை கூடையாகக் கிடைக்கிறது, என் பெண்ணுக்கு இந்த வழி இன்றைக்கு ஒரு நாள்தான் திறந்திருக்கிறது. உடைந்த துண்டுகளை ஒன்று விடாமல் பொறுக்கி முந்தானையில் முடிந்தேன். என் கையிலிருந்த பச்சை வளையலைக் கழற்றி அவள் கையில் போட்டேன், என் அளவு பெரிது, வழுக்கிக்கொண்டு ஏறிவிட்டது. உன் அப்பா முன் கண்ணாடியில் பார்த்தாரோ என்னவோ, அதற்குப் பிறகு வேகத்தைக் குறைத்துக்கொண்டார். வீட்டு வாசலில் இறங்கினதும் சித்தம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டு, அதுக்குள்ள மைசூருங்களா, என்றார், உடனே காவேரியின் கையைப் பிடித்து எண்ணினார். கணக்கு சரியாக இருந்தது. நான் ஆரத்தித் தட்டை எடுத்து வந்து என் மகளை உள்ளே அழைத்தேன்.

இப்போது அவள் உள்ளே படுத்திருக்கிறாள். இங்கே உள்ள டாக்டரம்மாவும் பார்த்துவிட்டு தாயும் பிள்ளையும் நன்றாக இருப்பதாகச் சொல்லிவிட்டார். சித்தம்மா நான்கு நாளாக இங்கேதான் இருக்கிறார், பஸ்ஸில் ஏற்றிவிடுகிறோம் என்றால், பஸ்ஸு குலுக்குமுங்க, உங்க காருலயே கொண்டாந்து விட்டுருங்க, என்கிறார். நான் சிரித்துக்கொண்டு இன்னொரு தோசை போட்டேன். காரை விற்கிற பேச்சை இனி எடுக்காதே, நீ வரும்போது உன்னையும் அதில்தான் அழைத்து வருவோம், பின் சீட்டில் உட்கார்ந்து பார்.

எண்ணெய் தேய்த்துக் குளி, ஏ.சி-யை மேலே நேராக வைத்துக்கொண்டு தூங்காதே. மாதேஸ்வரன் உனக்கு நீண்ட ஆயுசும் நல்ல குணமுள்ள துணையும் தரட்டும், தாய்மாமனாகிற யோகமும் உனக்குக் குறையில்லாமல் கைகூடட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே, பதில் எழுதும்போது வளையல் என்ற வார்த்தையே அதில் வரக் கூடாது, உன் அப்பா வாசலில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பார், சம்பந்தியம்மா அப்போதும் இங்கே வந்திருந்தாலும் வந்திருப்பார், அவருக்குக் காது நல்ல கூர்மை. அதைப் பற்றி என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தால் உன் தங்கச்சி மாதிரியே, நம்ம காரு நல்லா ஓடுதா என்று மட்டும் ஒரு வரி எழுது. எனக்குப் புரிந்துவிடும்.

எப்போதும் உன் நினைவாகவே இருக்கும்
உன் அம்மா
அ. சுந்தராம்பாள்