அலுமாரிக்கு மேலே மூன்று வயர்

03.10.1984

மூன்றாவது டீவியும் வந்துவிட்டது. ஹோலில் வாப்பாவுடையது. முன்னறையில் மூத்த ராத்தா ஸவாஹிராவும் றவூப் மச்சானும் வைத்திருப்பது. இன்றைக்கு வந்தது பின்னறையில் ஸைனப் ராத்தாவுக்கு. ஸமீம் மச்சான் சவூதியிலிருந்து கொண்டுவந்தது. மகளும் மாப்பிள்ளையும் இருக்கிற அறைக்குள் வாப்பா கால் வைக்கமாட்டார். மச்சான்மாரும் வாப்பாவுக்கு முன்னால் கதிரையில் சாய்ந்து உட்காரமாட்டார்கள். அதனால் ஒரு வீட்டில் மூன்று.

கூரையில் அன்டெனா மட்டும் ஒன்று. அன்டெனா பூட்ட வந்த ஸ்பிரிங்வெளித் தோட்டத்து நல்லையா மேலே ஏறிக் குழாயைத் திருப்பித் திருப்பி, "தங்கச்சி, படம் வந்துருச்சா?" என்று கத்தினார். அந்நிய ஆளுக்குக் குரல் காட்டக்கூடாது என்று உம்மா. எனக்கும் குரல் வராது. தட்டத்தில் தட்டினேன். ஒரு முறை தட்டினால் படம் இல்லை, இரண்டு முறை என்றால் நல்லது. மூன்று அறைக்கும் ஓடியதில் எந்த டீவிக்கு இரண்டு முறை தட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் மூன்று டீவி வயரையும் என் அறை அலுமாரிக்கு மேலே அன்டெனா வயரோடு ஒன்றாக முறுக்கி, டேப் சுற்றிவிட்டுப் போனார்.

05.10

பின்னறையில் மட்டும் செய்தி வாசிப்பவருக்கு மூன்று தலை. "சவூதி டீவிக்கு சவூதிதான் தெரியும் போல ஈக்குது" என்று சாப்பாட்டு நேரம் றவூப் மச்சான் சொன்னார். எல்லாரும் சிரித்தோம். ஸமீம் மச்சான் பாதியில் கை கழுவிவிட்டார்.

நான் ஏன் சிரித்தேன்?

08.10

ஸமீம் மச்சான் ஹாலிஎலயில் வாடகை வீடு பார்க்கிறாராம். "எங்கட கூரை, எங்கட அன்டெனா" என்றாராம். உம்மா அழுகிறா. என் பள்ளிக்கூடத்தை நிற்பாட்டிய பிறகு என்னோடு உட்கார்ந்து பேசுவது ஸைனப் ராத்தா ஒருத்திதான். மற்றவர்களுக்கு முன்னால் எனக்குச் சொல் தொண்டையில் நின்றுவிடும். அவ போனால்? ஒரு டீவி தெரியவில்லை என்றா போவார்கள்?

09.10

அலுமாரி துடைக்கும்போது ஒரு வயர் கழன்று கையோடு வந்தது. பின்னறையில் ஸமீம் மச்சான், "ஆ, இப்பத்தான் ஒரு தலை!" ஹோலில் வாப்பா டீவியின் மண்டையில் அடிக்கிற சத்தம். பயத்தில் திரும்ப முறுக்கிவிட்டேன்.

12.10

செய்தி நேரத்துக்கு வாப்பாவின் வயரைக் கழற்றினேன். தானாகக் கழன்றதில்லை. நான்தான்.

13.10

இன்றைக்கும்.

15.10

பின்னறையில் படம் பளிச்சென்று இருக்கிறது. ஹாலிஎலப் பேச்சே இல்லை. ஆனால் வாப்பா கதிரையைத் தூக்கி அந்தக் கதவுக்கு வெளியே போட்டு, திரைச்சீலையைப் பார்த்தபடி செய்தி கேட்கிறார். "நான்தான் அடிச்சு அடிச்சுப் பழுதாக்கிட்டேன்" என்று உம்மாவிடம் சொன்னார்.

நல்லது செய்கிறேனா, கெட்டது செய்கிறேனா? ராத்தா இருக்கவேண்டும். வாப்பா இப்படி உட்காரவும் கூடாது. இரண்டுக்கும் ஒரே வயர்.

17.10

ஸைனப் ராத்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் சிரித்தா. பிறகு சிரிக்கவில்லை.

"டீவிக்காகவா போறோம், பைத்தியம்? வீடு பாக்கச் சொன்னதே நான்தான். எனக்கு எண்ட அடுப்பு ஒண்டு வேணும். ஸவாஹிரா ராத்தாக்குப் பக்கத்துல நிண்டு எத்தின வருஷம் வெங்காயம் உரிக்கிற?"

அவவா கேட்டா? ஸமீம் மச்சான் இல்லையா? அப்படியென்றால் நான் இத்தனை நாளும் யாரைப் பிடித்து வைத்தேன்?

அழுகை வந்துவிட்டது. "சரி, அப்ப நீயும் வா புள்ள. மச்சான் கடை வேலைக்குப் போனா நானும் தனி. வாப்பாட்ட நான் கேக்குறேன்" என்றா.

18.10

வயரை முறுக்கிவிட்டேன். "ஜெனீரா! இங்க வா, தானாச் சரியாயிட்டுது!" என்று வாப்பா கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தார். சொல்லிவிட வாயைத் திறந்தேன். "சத்தம் போடாத, செய்தி போகுது" என்றார்.

வீட்டில் நான் போட்ட சத்தத்தை யாராவது கேட்டிருக்கிறார்களா?

04.11, ஹாலிஎல

ராத்தா கேட்டதும் வாப்பா என்னையும் அனுப்பிவிட்டார். வந்து மூன்று நாள். சின்ன வீடு. அடுப்பு சுவரோடு ஒட்டி இருக்கிறது, புகை போவதில்லை, ராத்தாவுக்கு அதுவும் சந்தோஷம். "இண்டைக்கு என்ன கறி?" என்று என்னிடம் கேட்கிறா. நான் சொன்னதைத்தான் சமைத்தா.

இங்கே ஒரு டீவிதான். நல்ல தெளிவு.

செய்தி தொடங்கியதும், அங்கே ஹோலில் வாப்பா கதிரையில் உட்காரும் நேரம், ராத்தா கூப்பிட்டா. வேலை இருக்கிறது என்றேன். ஒரு வேலையும் இருக்கவில்லை.