எரிமலைக்குப் பூக் கேட்டது

14 ஜூலை, திங்கள்
வெயில். காற்றே இல்லை. நகைப் பட்டறையில் ஃபேன் போட்டால் தீ அணைகிறது, போடாவிட்டால் நான் வேகிறேன்.
வேலை: வளையல் ஒரு ஜோடி, தோட்டுத் திருகு இரண்டு.
மகள் மீனாவுக்கு ஜாவாவில் வேலை. எரிமலையைக் கண்காணிக்கிற நிலையம். ஜியாலஜி படிக்கவைத்தது நான்தான்; இங்கேயே கிணறு, போர் போட இடம் பார்ப்பாள் என்று கணக்கு. 21க்குள் பதில் சொல்லவேண்டுமாம். பயமாக இருக்கிறது.

16, புதன்
வளையல் மூட்டில் பொடி வைத்துப் பத்தவைத்தேன்; பொடி உருகி ஓடினால்தான் மூட்டு ஒட்டும். மீனா பக்கத்தில். எரிமலை எப்படி வருகிறது என்று கேட்டேன். பூமியின் மேலோடு பல தட்டுகளாம். கடலடித் தட்டு பக்கத்துத் தட்டுக்குக் கீழே போகும், கூடவே தண்ணீரும்.
"அந்தத் தண்ணியாலதான்ப்பா பாறை சீக்கிரம் உருகுது. நீங்க பொடி ஓடுறதுக்கு வெங்காரம் வைக்கிறீகள்ல, கிட்டத்தட்ட அப்படித்தான்."
உருகியது மேலே ஏறும். வாயு அடைபட்டால் வெடிக்கும். இது எனக்குப் புரிகிறது. புரிந்ததால் பயம் கூடியதுதான் மிச்சம்.
அட்லஸ் பார்த்தேன். ஜப்பான், பிலிப்பைன்ஸ், ஜாவா, அலாஸ்கா, தென் அமெரிக்கா மேற்குக் கரை. பெரும்பாலும் தட்டு விளிம்பில். ஹவாய் மட்டும் நடுக்கடலில், அடியிலிருந்து வரும் சூட்டால். நமக்கு அந்தமான் பக்கம் ஒன்று. காரைக்குடியில் இல்லை.
என் மனைவி வள்ளி: "அம்மன்கிட்டப் பூக் கேட்டுருவோம். அவ சொன்னா அனுப்புங்க."

18, வெள்ளி
ஆடி முதல் வெள்ளி. கண்டரமாணிக்கம் பக்கம் எங்கள் அம்மன் கோயில். நல்ல கூட்டம். ஒரு பொட்டலத்தில் சிவப்புப் பூ, இன்னொன்றில் வெள்ளை; அம்மன் முன் வைத்து ஒன்றை எடுக்கவேண்டும். சிவப்பு வந்தால் போகலாம், வெள்ளை வந்தால் கூடாது. பூசாரிக்கு நிற்க நேரமில்லை. "பொட்டலத்த நீங்களே மடிச்சு வைங்க" என்றார்.
தோட்டைத் தாளில் மடித்துக் கொடுக்கிற கை. இரண்டும் ஒன்றுபோல வந்தன. இரண்டிலும் வெள்ளை அரளிதான் வைத்தேன்.
மீனா ஒன்றை எடுத்தாள். பிரித்தாள். வெள்ளை. மற்றது என் சட்டைப் பையில்.
வரும் வழியில் வள்ளி மாங்காய் வாங்கினாள். புளிப்பு.

19, சனி
பொடி இரண்டு முறை கருகியது.
சாப்பிடும்போது மீனா: "மலையடியில ஊர் ஊரா சனம் இருக்குப்பா. சாம்பல் மண்ணு நல்லா வெளையும். மலை வீங்குறது, நடுங்குறதெல்லாம் பல நேரம் முன்னாடியே தெரியும். பாத்துச் சொல்ல ஆள் வேணும்ல."
கோபமில்லாமல் சொன்னாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

20, ஞாயிறு
மேகம். தூறல் இல்லை.
காப்பி குடிக்கும்போது சொல்லிவிட்டேன், இரண்டுமே வெள்ளை என்று. வள்ளி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.
மீனா: "தெரியும்ப்பா. அன்னைக்கே உங்க சட்டையத் துவைக்கப் போடையில பிரிச்சுப் பாத்தேன்."
"பெறகு ஏன்த்தா கேக்கல?"
"நீங்களாச் சொல்லுவீகன்னு இருந்தேன்."
வேலை வேண்டாமென்று எழுதிவிட்டாயா என்றேன். இன்னும் இல்லையாம். நாளைவரை நேரம் இருக்கிறது.
பரணில் ஏறி, வெளியூருக்குக் கொண்டுபோகிற பெரிய பெட்டியை இறக்கினேன். பூட்டு மாட்டுகிற வளையம் ஒட்டு விட்டிருக்கிறது. பத்தவைக்க வேண்டும்.