சிவக்காத மேஜை

மார்ச் 4

அன்புள்ள கடைக்காரருக்கு,

நலம். உங்கள் கடையிலிருந்து அனுப்பிய மேஜை வந்து சேர்ந்தது. “சுத்தமான கடின மரம். கோபத்தை மறந்துவிடு” என்று சீட்டு வேறு. மூன்று மாதம் கழித்தாவது நினைத்தீர்களே, சந்தோஷம்.

அடிப்பக்கம் ஒரு சீவல் எடுத்து எங்கள் காகித ஆலை லேபில் சோதித்தேன். பெர்மாங்கனேட், பிறகு அமிலம், கடைசியில் அம்மோனியா. கடின மரமென்றால் சிவந்திருக்கும். இது டீத்தூள் நிறத்தில் நிற்கிறது. சாயம் பூசிய பைன் மாதிரி ஊசியிலை மரம்.

சமாதானத்திலும் கலப்படமா?

ஆலைக் குடியிருப்பிலிருந்து,
உங்கள் மனைவி

மார்ச் 9

என் கண்ணே,

சத்தியமாக எனக்குத் தெரியாது. மொத்த வியாபாரி கடின மரமென்றுதான் கொடுத்தான். உன் கடிதத்தை அவன் முன்னால் சத்தமாகப் படித்தேன். “காகிதக் கூழ் காய்ச்சுற பொம்பளைக்கு மரத்தப் பத்தி என்னய்யா தெரியும்?” என்றான். எனக்கு வந்ததே கோபம்! “யாரைப் பாத்து என்ன பேசுற? அவ லேபுக்கே தலைவி!” என்று கத்திவிட்டேன்.

கத்திய பிறகுதான் உறைத்தது. அக்கா வீட்டில் எல்லோர் முன்னாலும் நானும் இதையேதானே சொன்னேன். நீ பெட்டியைத் தூக்கியது நியாயம். மன்னித்துவிடு.

ஆமாம், அது ஏன் சிவக்கும்? அவன் கேட்டால் சொல்ல வேண்டும்.

உன் முட்டாள் புருஷன்

மார்ச் 14

அன்புள்ளவருக்கு,

மர நார்களை ஒட்டி வைக்கும் பசைக்கு லிக்னின் என்று பெயர். ஊசியிலை மரத்தில் அது பெரும்பாலும் ஒரே வகைத் துண்டால் ஆனது. பக்கத்துத் துண்டை இறுகப் பிடிக்க அதற்கு ஓர் இடம் காலியாக இருக்கும். எவ்வளவு வேகவைத்தாலும் லேசில் விடாது. கடின மரத்தில் இன்னொரு வகைத் துண்டும் உண்டு. அதில் அந்த இடம் அடைபட்டிருக்கும். அதனால் சீக்கிரம் கரையும். சோதனையில் சிவப்பதும் அதுதான். கடினமெல்லாம் பெயரில்தான்.

கல்யாணமான புதிதில் இதைச் சொன்னபோது கொட்டாவி விட்டீர்கள்.

உங்கள் மனைவி

மார்ச் 22

என் தங்கமே,

கொட்டாவி விடாமல் மூன்று முறை படித்தேன். வியாபாரியிடம் அப்படியே ஒப்பித்தேன், மேஜையை மாற்றித் தர ஒப்புக்கொண்டான்.

ஆனால் விஷயம் பரவி, தெருவே சீவலும் கையுமாக நம் வாசலில் நிற்கிறது. ஒருவர் மாமியார் படுத்திருக்கும்போதே கட்டிலைச் சுரண்டியிருக்கிறார். எதிர்வீட்டு வக்கீல் தன் ஊன்றுகோலையே சீவிக்கொண்டிருக்கிறார். “டாக்டரம்மா எப்ப வருவாங்க?” என்று கேட்கிறார்கள். நான் என்ன சொல்லட்டும்?

உன் காம்பவுண்டர்

மார்ச் 26

அன்பானவருக்கு,

வக்கீலை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள், விழுந்து வைக்கப் போகிறார்.

சனிக்கிழமை வருகிறேன். பத்து நாள் லீவு. வாசலில் நிற்பவர்கள் திங்கட்கிழமை வந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை யார் தட்டினாலும் கதவைத் திறக்காதீர்கள்.

உங்கள்
நான்