எட்டுக் கருப்புப் பக்கங்கள்

இன்று டோல்கேட்டில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றிருந்தேன். ஆதார் அட்டைக்கு நகல் எடுக்கப் போனவள். எனக்கு முன்னால் இரண்டு கல்லூரிப் பெண்கள் தாங்களே வரைந்த காமிக்ஸ் ஒன்றைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தார்கள். மெஷினிலிருந்து வந்த தாள்களை அடுக்கி மடித்துப் பார்த்தால் மூன்றாம் பக்கத்துக்குப் பிறகு பதினான்காம் பக்கம் வருகிறது. ஒருத்தி தலையில் கை வைத்துக்கொண்டாள், மற்றவள் விழுந்து விழுந்து சிரித்தாள். தாள்களிலிருந்து அந்தச் சூடான மை வாசனை எழும்பி என் முகத்தில் வந்து அடித்தது. நான் நகல் எடுக்காமலே வெளியே வந்துவிட்டேன்.

நீ போய் மூன்று வருடம் ஆகிறது. இதுவரை உனக்கு ஒரு வரி எழுதவில்லை. எழுதுவதுதான் என் பிழைப்பு; விளம்பரக் கம்பெனி ஒன்றில் சோப்புக்கும் சமையல் எண்ணெய்க்கும் தினமும் எழுதுகிறேன். உனக்கு எழுத உட்கார்ந்தால் மட்டும் எந்தத் தமிழில் எழுதுவது என்று தெரியாமல் எழுந்துவிடுவேன்.

கல்லூரி மூன்றாம் வருடத்தில்தான் நமக்கு அந்தப் பாடம் வந்தது. இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து ஒரு காமிக்ஸ் புத்தகம் செய்ய வேண்டும். எழுதி, வரைந்து, பிரதி எடுத்து, நாமே தைத்து, கடைசியில் முன்பின் தெரியாதவர்களிடம் விற்க வேண்டும். சொந்தக்காரர்கள் வாங்கினால் செல்லாது என்று ஆசிரியை முதல் நாளே சொல்லிவிட்டார். வருகைப் பதிவேட்டில் என் பெயருக்கு அடுத்தது உன் பெயர் என்பதால் நாம் ஜோடியானோம். அதற்கு முன் இரண்டு வருடம் ஒரே வகுப்பில் இருந்தும் நாம் பேசியது சொற்பம். நான் ராயபுரம், வண்ணாரப்பேட்டையில் துணிக்கடை வைத்திருக்கும் அத்தாவின் மகள். "இன்னா" என்று ஒரு தடவை சொன்னதற்காகப் பள்ளியில் பெஞ்ச் மேல் ஏற்றப்பட்டு, அதற்குப் பிறகு வாயைக் கழுவிக்கொண்டு பேசப் பழகியவள். நீ வியாசர்பாடியில் குடிசை மாற்று வாரியம் கட்டிய போர்டு வீட்டிலிருந்து வந்தாய். யாரிடம் பேசினாலும், துறைத் தலைவரிடமே பேசினாலும், உன் பேச்சு மாறியதே இல்லை.

கதை உன்னுடையது. இதை முதலில் எழுதி வைத்துவிடுகிறேன். கதை உன்னுடையது, உன் நைனாவுடையது.

துறைமுகத்தில் கப்பல் மேல் ஏறி, கண்டெய்னர்களைக் கம்பியால் இறுக்கிக் கட்டுவது அவருக்கு வேலை. நீ பிறப்பதற்கு முன், அவர் எர்ணாவூரில் இருந்த காலத்தில், ஒரு நாள் மதிய வெயிலுக்குக் காலி கண்டெய்னர் ஒன்றுக்குள் போய்ப் படுத்தார். கண் அசந்துவிட்டது. யாரோ கதவைச் சாத்தித் தாழ் போட்டார்கள். விழித்தபோது கும்மிருட்டு, பெட்டியோ அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. கிரேன் அதைத் தூக்கிக் கப்பலில் இன்னொரு பெட்டியின் மேல் வைத்தது. அவர் தட்டிக்கொண்டே இருந்தார். யாரோ காது கொடுத்துக் கேட்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. இறங்கி வந்து ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, மிச்ச வேலையைப் பார்க்கப் போனார். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து வீட்டுக் கதவைச் சாத்த விட்டதில்லை. காற்று வரத்தான் கதவைத் திறந்து வைக்கிறார் என்று நினைத்துக்கொண்டே நீ வளர்ந்தாய். கல்லூரிக்கு ஒரு கதை வேண்டும் என்று நீ கேட்ட அன்றுதான், முட்டி தேய்ந்து வீட்டோடு உட்கார்ந்திருந்த மனிதர் முதல்முறையாக வாய் திறந்தார்.

அடுத்த நாள் பேருந்தில் நீ அதை எனக்குச் சொன்னாய். சொல்லி முடித்தபோது நான் அழுதுகொண்டிருந்தேன். நீ அழவில்லை. உள்ளே இருந்தபோது பயம் வராமல் இருக்க அவர் என்ன செய்தார் என்பதுதான் உனக்கு முக்கியமாக இருந்தது. வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு ஸ்டாப்பிங் ஸ்டாப்பிங்காகச் சொல்லிக்கொண்டே போனாராம். எர்ணாவூர் வந்ததும் திரும்பவும் கல்மண்டபத்திலிருந்து ஆரம்பிப்பாராம்.

இருபத்து நான்கு பக்கத்தில் எட்டுப் பக்கம் முழுக்கக் கருப்பாக இருக்க வேண்டும் என்று நீ பிடிவாதம் பிடித்தாய். படமே கிடையாது. கருப்பில் வெள்ளை எழுத்தில் அவர் பேச்சு மட்டும். அவர் சொன்னதை நீ சொல்லச் சொல்ல நான் எழுதினேன். என் கை தானாக "என்ன" என்று எழுதும். நீ பேனாவைப் பிடுங்கி அடித்துவிட்டு "இன்னா" என்று போடுவாய். "பேசறத எய்துமே. எய்தறத பேசாத" என்பாய். அந்தப் பக்கங்களில் எனக்கு இப்போது நினைவில் நிற்பது இவ்வளவுதான்: "இன்னாடா இது, பூட்டிகினானுங்கோ. இருடா. பேஜார் ஆவாத. கல்மண்டபம். தண்டியார்பேட்ட. டோல்கேட்டு. காலடிப்பேட்ட. தேரடி." மற்ற ஏழு பக்கங்கள் போய்விட்டன. எவ்வளவு யோசித்தாலும் வரவில்லை.

ஜெராக்ஸ் கடைக்காரர் எட்டுப் பக்கம் கருப்பைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தினார். டோனர் மொத்தத்தையும் இதுவே குடித்துவிடும் என்றார். நீ அவரை உட்கார வைத்துக் கதை முழுவதையும் சொன்னாய். கேட்டுவிட்டு அவர் மெஷினைப் போட்டார். கருப்பு சரியாக வரவில்லை. சாம்பல் நிறத்தில், நடுநடுவே வெள்ளைக் கோடு விழுந்து வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. நீயோ தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கண்டெய்னர் கதவிடுக்கில் வெயில் இப்படித்தான் தெரிந்திருக்கும் என்று சந்தோஷப்பட்டாய்.

விற்பனை நாளில் நம் மேசைக்கு வந்தவர்கள் எல்லோரும் புரட்டிப் பார்த்தார்கள். கருப்புப் பக்கம் வந்ததும் அச்சுப் பிழை என்று நினைத்து வைத்துவிட்டுப் போனார்கள். மதியம் வரை ஒரு பிரதி போகவில்லை. பக்கத்து மேசைகளில் பேய்க் கதையும் காதல் கதையும் பறந்துகொண்டிருந்தன. அப்போதுதான் நீ நாற்காலியை இழுத்துப் போட்டு, வந்த ஒரு பெண்ணை உட்காரச் சொல்லி, கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னாய். அந்த எட்டுப் பக்கத்தையும் உன் நைனாவின் குரலில் படித்தாய். மேசையின் இரும்புச் சட்டத்தைக் கையால் தட்டித் தட்டிப் படித்தாய். அவள் கண்ணைத் திறந்தபோது சுற்றிலும் கூட்டம் நின்றது. அதற்குப் பிறகு ஆளுக்கு ஆள் உட்கார்ந்தார்கள், சாயங்காலத்துக்குள் உன் தொண்டை கட்டிவிட்டது. நான் பின்னால் நின்று பிரதிகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பெருமையாக இருந்தது. கூடவே, எல்லோர் முன்னாலும் நீ அந்தப் பேச்சைப் பேசுவது கூச்சமாகவும் இருந்தது. இதை நான் உன்னிடம் சொன்னதில்லை.

கேட்டவர்களில் ஒரு பதிப்பகத்துப் பெண்மணி இருந்தார். உன் குரலைக் கேட்டுத்தான் நின்றார். ஆனால் பேச என்னிடம்தான் வந்தார். இதைப் பெரிய புத்தகமாகப் போடலாம் என்றார். நான் உன்னைப் பார்த்தேன். "நீயே பேசுமே, அவங்கோ பேசறது எனுக்குப் புரியாது" என்று சிரித்துக்கொண்டே தள்ளிவிட்டாய்.

பிறகு எல்லாம் ஃபோனில் நடந்தது. உன் ஓவியம் தேர்ச்சியாக இல்லை, வேறு ஆளை வைத்து வரைந்துகொள்ளலாம் என்றார் அவர். கருப்புப் பக்கத்துக்கு யாரும் காசு கொடுக்க மாட்டார்கள் என்றார். இந்தப் பேச்சு மதுரைக்காரருக்குப் புரியாது, சினிமாவில் சிரிக்க வைப்பதற்குத்தான் இப்படிப் பேசுவார்கள், அழ வேண்டிய இடத்தில் வாசகர் சிரித்துவிடுவார் என்றார். ஒவ்வொன்றுக்கும் நான் சரி சொன்னேன். உன்னிடம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். கடைசியில் அவர், "கதை உங்களுடையதுதானே?" என்று கேட்டார்.

"என்னுடையதுதான்" என்றேன்.

யாரும் என்னை மிரட்டவில்லை. எனக்கு வேறு வழி இல்லாமலும் இல்லை. புத்தக அட்டையில் என் பெயரைப் பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது, அவ்வளவுதான். என்னிடம் இருந்த நம் பிரதியைப் புதிய ஓவியர் பார்ப்பதற்காகப் பதிப்பகத்தில் கொடுத்தேன்; அது திரும்பி வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க உட்கார்ந்து உன் நைனாவின் பேச்சை மாற்றினேன். அவர் ஸ்டாப்பிங் பெயர்கள் சொல்லவில்லை; தாயை நினைத்து அழுதார், கடவுளை வேண்டினார். துறைமுகம் பெயரில்லாத ஏதோ ஊரில் இருந்தது. வீட்டுக் கதவு கதையிலேயே இல்லை.

புத்தகம் வந்ததும் நானே எடுத்துக்கொண்டு வியாசர்பாடிக்கு வந்தேன். நாம் படித்து முடித்து ஒரு வருடம் ஆகியிருந்தது. மைதானத்தில் பிள்ளைகள் பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். மைதானத்துச் சுவரில் உட்கார்ந்து நீ மெதுவாக ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாய். நன்றி என்ற தலைப்பின் கீழ் உன் பெயர் இருந்ததையும் பார்த்தாய். கருப்புப் பக்கங்களைத் தேடி முன்னும் பின்னும் புரட்டிவிட்டு மூடினாய்.

"படம் மாத்தினது போவட்டும்மே. எங்க நைனா வாய்ல இன்னாத்துக்கு உன் பேச்ச வச்ச?"

வாசகர்களுக்குப் புரிய வேண்டும் என்று ஏதோ ஆரம்பித்தேன். நீ தலையாட்டினாய். சண்டை போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன், அழுதிருப்பேன், ஒருவேளை சமாதானமும் ஆகியிருப்போம். நீ எழுந்து, டீ சாப்பிடலாம் வா என்று கூட்டிக்கொண்டு போனாய். வேலை எப்படி இருக்கிறது, அத்தா எப்படி இருக்கிறார் என்று விசாரித்தாய். என்னை பஸ் ஏற்றிவிட்டுப் போனாய். புத்தகத்தை எடுத்துக்கொள் என்றேன். வூட்ல இடமில்லமே என்றாய்.

அதன் பிறகு நீ வரைந்ததாக நான் கேள்விப்படவில்லை. காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு குடோனில் சரக்குப் பதிவு செய்யும் வேலைக்குப் போனாய். கம்பெனி வேனில் விடிகாலை போய் இருட்டித் திரும்புகிறாய் என்று நம் வகுப்புத் தோழி சொன்னாள். பெருநாளைக்கு உனக்கு வாழ்த்து அனுப்பினால் ஒரு கும்பிடு படம் பதிலாக வரும். பிரியாணிக்குக் கூப்பிட்டேன், லீவு இல்லை என்றாய். நேரில் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைப்பேன். அதற்கு என்ன அவசரம் என்றும் நினைப்பேன். அப்போது நம் இருவருக்கும் இருபத்து மூன்று வயது.

அந்த மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் கண்டது. மாத்திரை போட்டுக்கொண்டு நான்கு நாள் வேலைக்குப் போயிருக்கிறாய். ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், டெங்கு என்றார்கள். வியாழக்கிழமை எனக்குச் செய்தி வந்தது. ஞாயிற்றுக்கிழமை லீவு, அன்றைக்குப் போய்ப் பார்க்கலாம் என்று வைத்துக்கொண்டேன். சனிக்கிழமை காலையில் நீ போய்விட்டாய். ஞாயிற்றுக்கிழமை நான் வந்தபோது எல்லாம் முடிந்து, பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த வருடம் போர்டு வீடுகளை இடித்துக் கட்டப் போவதாகச் சொல்லி எல்லோரையும் காலி செய்யச் சொன்னார்கள். உன் வீட்டார் புளியந்தோப்பில் ஒரு வாடகை அறைக்குப் போனார்கள். அந்தச் சாமான் ஏற்றலில் உன் தாள்களும் நம் பிரதிகளும் இருந்த மூட்டை எங்கோ விட்டுப்போனது. பழைய பேப்பரோடு போயிருக்கும் என்றார் உன் அம்மா. நம்மிடம் வாங்கியவர்களைத் தேடினேன். தெரியாதவர்களுக்குத்தானே விற்றோம், யாரென்று போய்த் தேடுவது? பதிப்பகத்தில் கேட்டேன்; அவர்களிடமும் இல்லை.

சென்ற மாதம் உன் நைனாவைப் பார்க்கப் போனேன். கண் மங்கியிருக்கிறது. நான் எழுதுகிறவள் என்று அவருக்கு ஞாபகம் இருந்தது. கையில் ஏதாவது புத்தகம் இருந்தால் படிம்மா, கேட்டு நாளாச்சு என்றார். என் பையில் அந்தப் புத்தகம் இருந்தது. எதற்காக எடுத்துப் போனேன் என்று எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அவர் காலடியில் உட்கார்ந்து படித்தேன். படிக்கும்போதே அதை அவர் பேச்சுக்கு மாற்றிவிட முயன்றேன். இரண்டு வரிக்கு மேல் முடியவில்லை. என் வாயில் அது கேலி செய்வது போல ஒலித்தது. ஆகவே இருந்தபடியே படித்தேன். அவர் கண்ணை மூடி, அசையாமல், கடைசி வரை கேட்டார்.

முடித்ததும் பெருமூச்சு விட்டார்.

"அய்யோ பாவம். என்ன மாரியே மாட்டிகினு கீறான். யாரும்மா அந்த ஆளு, எந்த ஊரு?"

தூத்துக்குடிப் பக்கம் என்றேன். எப்படி அந்தப் பொய் வந்தது என்று தெரியவில்லை. அவர் அந்தத் தூத்துக்குடிக்காரனுக்காக உச்சுக்கொட்டினார். அவன் நன்றாக இருக்கிறானா என்று விசாரித்தார். நான் புத்தகத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தேன். வாசலில் செருப்பு மாட்டும்போது பின்னாலிருந்து அவர் குரல் வந்தது.

"பாப்பா, எம் பொண்ணு ஒண்ணு போட்டுதே. அடுத்த தபா அத்த எட்த்துகினு வா. அதுல நானு கீறேன்."

சரிங்கப்பா என்றேன்.

அந்த 'சரி'யை வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். நேற்றும் அவர் ஃபோன் செய்தார். நான் எடுக்கவில்லை.