மேற்பலகை வெடிக்கவில்லை

அன்புள்ள பெரியவளுக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுவது. இங்கே என் வலது கை ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் நலம், அங்கே நீ தலை முதல் கால் வரை நலமாக இருக்க வேண்டும். கைக்கு என்ன ஆச்சு என்று பதறாதே. போன செவ்வாய்க்கிழமை சலவைக்கூடத்தில் ஆஸ்பத்திரி விரிப்புகளைச் சூட்டு ரோலருக்குள் விட்டுக்கொண்டிருந்தேன், கவனம் எங்கோ போய்விட்டது, மூன்று விரலும் உள்ளங்கையும் சுட்டுவிட்டது. கொப்புளம் அடங்கிவிட்டது, கட்டு மட்டும் இன்னும் பத்து நாள் இருக்குமாம். சூப்பர்வைசர் அக்கா வந்து பார்த்துவிட்டு, இத்தனை வருஷம் நீ துணிக்குச் சூடு போட்டே, இன்னைக்குத் துணி உனக்குச் சூடு போட்டிருக்கு என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். எனக்கு இந்தச் சூடு தேவைதான் என்பது அவளுக்குத் தெரியாது. ஏன் தேவை என்பதை, கை சுடுவதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியபோதே சொல்லியிருக்கலாம், வாய் வரைக்கும் வந்தது, சாப்பிட்டியா என்று கேட்டு விழுங்கிவிட்டேன். அதனால்தான் கடிதம்.

உன் மாண்டலின் உடையவில்லை. மழை ஈரத்தில் மேற்பலகை வெடித்துவிட்டது என்று நான் எழுதினேனே, அது பொய். ஒரு கீற்றுக்கூட விழாமல் முழுசாக இருக்கிறது. முதல் வரியிலேயே இதைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன், கைப்புண்ணைக் காட்டிவிட்டுச் சொல்கிறேன், பார்த்தாயா என் புத்தியை.

அது உன் பொருள் என்பது எனக்கு மறந்தா போச்சு? நீ வேலைக்குப் போன முதல் மாதம் கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாய். கடைக்காரர் வயிறு உருண்ட மாண்டலினையும் இந்தத் தட்டையானதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். உருண்டை முதுகு மடியில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே போகும்மா, இது சமத்தா உட்காரும், சத்தமும் காதைக் குத்தாது என்று சொல்லி நீ இதை எடுத்தாய். எனக்கு அதன் வடிவத்தைப் பார்த்துச் சிரிப்புத்தான் வந்தது, காம்பு வைத்த இஸ்திரிப்பெட்டி மாதிரி இருக்கு, வேலையிடத்தில் இஸ்திரி வீட்டிலும் இஸ்திரியா என்றேன். அன்று முதல் அதற்கு இஸ்திரி என்றே பேர் நின்றுவிட்டது. இஸ்திரி போட்டது போதும் வந்து சாப்பிடு என்று எத்தனை நாள் உன்னைக் கூப்பிட்டிருக்கிறேன். நீ ஊரை விட்டுக் கிளம்பும்போது பெட்டியில் இடம் இல்லை, கட்டிலுக்கடியில் மட்டும் போடாதேம்மா ஈரம் ஏறும், அலமாரி மேலே வை என்று மூன்று தடவை சொல்லிவிட்டுப் போனாய். அலமாரி மேலேதான் வைத்தேன்.

இனி உன் தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும், அவளே எழுதுகிறாள் என்பதால் நாக்கு கொஞ்சம் தடுமாறுகிறது. எனக்கு முதுகில் ஆப்பரேஷன் ஆனபோது, இடம் போய்விடக் கூடாது என்று இவளை எனக்குப் பதிலாகச் சலவைக்கூடத்தில் நிற்க வைத்தேன், ரெண்டே மாசம்தான், அப்புறம் பள்ளிக்கூடம் போயிடலாம் என்றேன். நான் எழுந்து வேலைக்குத் திரும்பியதும் இவளை மடிப்பு மேசையில் காலை ஷிப்டுக்கு வைத்துக்கொள்கிறோம் என்றார்கள், நானும் சரி என்றேன். ரெண்டு மாசம் ரெண்டு வருஷம் ஆனது. அவளுக்குப் படிப்பு ஏறவில்லை என்று அப்போது உனக்கு எழுதினேன் அல்லவா, நன்றாகத்தான் ஏறிக்கொண்டிருந்தது, பாதிப் படியில் நான்தான் கையைப் பிடித்து இறக்கிவிட்டேன். இவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முன்னாலும் அதிகம் பேசாதவள், மேசைக்குப் போன பிறகு அதுவும் போச்சு. விரிப்பின் ஒரு முனையை இவள் பிடிப்பாள், எதிர்முனையைப் பிடித்திருப்பவளின் முகத்தைக்கூட ஏறிட்டுப் பார்க்க மாட்டாளாம், துணியைத்தான் பார்ப்பாளாம். உன் பொண்ணு விரிப்போடதான் பேசுவா போல என்று அங்கே கேலி.

ஒருநாள் மத்தியானம் கொதிகலன் பழுதாகிவிட்டது, எங்களைச் சீக்கிரமே அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது மாடிப்படியில் கால் வைக்கும்போது இஸ்திரியின் சத்தம் கேட்டது. நீதான் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டாய் என்று நினைத்து, முதுகையும் மறந்து இரண்டு இரண்டு படியாக ஏறினேன். கதவைத் திறந்தால் இவள். திருடி மாட்டினவள் மாதிரி அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள், அந்தத் தட்டை உடம்பை மறைக்க இவள் முதுகு போதுமா, காம்பு தோளுக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றது. வாசி என்றேன், மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். ஒரு மாதம் நான் குளிக்கப் போகும்போது மட்டும் வாசித்தாள், நானும் ஒரு வாளித் தண்ணீரை ஒரு மணி நேரம் குளித்தேன். பிறகு எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசித்தாள். ஒரு கம்பி அறுந்தபோது கடைக்காரரிடம் வாய் திறந்து கேட்க வெட்கப்பட்டு, மாண்டலின் கம்பி, இருப்பதிலேயே மெல்லியது, ஒன்று என்று காகிதத்தில் எழுதி நீட்டினாளாம், அவர் ஊமை என்று நினைத்து அவரும் விலையை எழுதிக் காட்டினாராம். கம்பியெல்லாம் இரண்டு இரண்டாக ஜோடி சேர்ந்திருக்கிறதே, அதில் ஒன்று இம்மி இறங்கினாலும் இவளுக்குத் தெரிந்துவிடுகிறது, காதைப் பலகையிலேயே வைத்துக்கொண்டு திருகுகிறாள். நன்றாக வாசிக்கிறாள். இதை எழுத மாட்டேன் என்று பேனாவைத் தூக்கிக்கொண்டாள், நான் சொல்வதை எழுதத்தானே உட்கார்ந்தே என்று அதட்டிய பிறகு எழுதியிருக்கிறாள், அந்த இடத்தில் மட்டும் எழுத்து சின்னதாக இருக்கும் பார்.

அப்போதுதான் உன் கடிதம் வந்தது, இவள் வேலையில் இருந்தாள், கண்ணை இடுக்கிக்கொண்டு நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். உன் ஆஸ்பத்திரி மருந்தாளர் லீவில் ஊருக்கு வருகிறார், திரும்பும்போது அவரிடம் மாண்டலினைக் கொடுத்து விடு என்று எழுதியிருந்தாய். லீவு நாளில் நாலு சுவரும் நானும்தான் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அது இருந்தால் பேச்சுத் துணையாவது ஆகும் என்றும் எழுதியிருந்தாய். அந்த வரி என்னைக் குத்தவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். ஆனால் இவள் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அடுப்படியில் உட்கார்ந்து, மழை, ஈரம், வெடிப்பு என்று கோர்வையாக எழுதி அன்றைக்கே தபாலில் போட்டேன். கை நடுங்கக்கூட இல்லை, இப்போது நினைத்தால் அதுதான் பயமாக இருக்கிறது. சின்னவளிடமிருந்து பள்ளிக்கூடத்தைப் பறித்தேன், அதைச் சரிக்கட்ட உன்னிடமிருந்து இதைப் பறித்தேன். உனக்குச் சம்பளம் இருக்கிறது, இன்னொன்று வாங்கிக்கொள்வாய் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நீ தனியாக இருக்கிறாய் என்பதை அந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

மரம் வெடித்தால் அதோடு கதை முடிந்தது என்று நினைத்துவிட்டேன் பார், அங்கேதான் மாட்டினேன். உன் பதில் சனிக்கிழமை வந்தது. என் கண்ணுக்குச் சின்ன எழுத்து சரியாகத் தெரியாதே, வழக்கம்போல இவள்தான் படித்தாள், மடியில் மாண்டலின் கிடக்கப் படித்தாள். மேற்பலகை வெடிச்சதுன்னு படிச்சு அழுதேம்மா, ஆனா தட்டை மாண்டலின்ல வெடிப்பைச் சரி பண்ணிடலாம், உள்பக்கம் சின்னச் சின்ன மரத்துண்டு வச்சு ஒட்டுவாங்க, இங்க ஒருத்தர் பண்ணித் தரேன்னு சொல்லியிருக்கார், உடைஞ்சது உடைஞ்சபடியே அனுப்பு, தூக்கி மட்டும் போட்டுடாதே என்று எழுதியிருந்தாய். வெடிச்சது என்ற இடத்தில் நிறுத்தினாள். ஜுரம் பார்க்கிற மாதிரி உள்ளங்கையை அந்தப் பலகை மேல் வைத்தாள். பிறகு ஒரு எழுத்தும் விடாமல், குரலும் மாறாமல், அன்புடன் உங்கள் மகள் வரைக்கும் படித்து முடித்தாள். எழுந்து போய் அதை உறைக்குள் வைத்து இரண்டு கொக்கியையும் மாட்டி அலமாரி மேல் ஏற்றினாள். ஏம்மா இப்படிப் பண்ணே என்று கேட்டிருந்தால் நாலு திட்டு திட்டியாவது தப்பித்திருப்பேன். கேட்கவில்லை.

இதற்கு மேல் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் எல்லாவற்றையும் சொல்லும்மா, சொன்னால்தான் எழுதுவேன் என்கிறாள். திங்கட்கிழமை இவள் ஷிப்டுக்குப் போனதும் நான் அதைக் கீழே இறக்கி, துவாலையைப் போர்த்தி, சுத்தியலை எடுத்தேன். சொன்ன பொய்யை நிஜமாக்கிவிட்டால் உன் முன்னாலும் இவள் முன்னாலும் பொய்க்காரியாக நிற்க வேண்டாமே என்று புத்தி போனது. லேசாக ஒரு தட்டு, ஒரு வெடிப்பு, அதுதான் ஒட்டித் தருவார்களே. துவாலை நழுவக் கூடாது என்று இடது கையால் அழுத்தினேன், எட்டுக் கம்பியும் உள்ளேயிருந்து ம்ம் என்றது. வாயைப் பொத்திக்கொண்டு குழந்தை அழுகிற மாதிரி இருந்தது. சுத்தியலைத் தரையில் வைத்துவிட்டு நானும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் ரோலர் முன்னால் நின்றபோது கவனம் எங்கே போனது என்று இப்போது உனக்குத் தெரிந்திருக்கும்.

கட்டுப் போட்ட கையோடு வீட்டுக்கு வந்தேன், இவள் என் செருப்பைக் கழற்றிவிட்டு, காகிதமும் பேனாவும் எடுத்து வைத்தாள். நடந்தது நடந்தபடி சொல்லு, நான் எழுதறேன் என்றாள். இந்த வருஷம் அவள் பேசிய மிக நீளமான பேச்சு அது. நாலு நாள் நான் அந்தக் காகிதத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன், இன்றைக்குத்தான் உட்கார்ந்தேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை மருந்தாளர் வருகிறார், மாண்டலின் அவரோடு கிளம்புகிறது. இதை உன் தங்கைக்கே விட்டுக்கொடு என்று கேட்க நினைத்தால் என் நாக்கு அழுகிப் போகட்டும், அவளும் கேட்கவில்லை. அவளுக்கு நான் பட்ட கடனை உன் பொருளை வைத்து அடைக்கக் கூடாது. பள்ளிக்கூடப் பரீட்சையை வெளியிலிருந்து தனியாக எழுதலாமாம், விண்ணப்பம் வாங்கி வைத்திருக்கிறேன். பார்க்கலாம் என்கிறாள், இவள் பார்க்கலாம் என்றால் பாதி வேண்டாம் என்று அர்த்தம், மீதிப் பாதியைப் பிடித்துத்தான் இழுக்க வேண்டும். பயணத்தில் இழுவிசை தாங்காது என்று கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்தியிருக்கிறாள், வந்த அன்றைக்கே முறுக்கி ஏற்றிவிடாதே, ஒரு நாள் உன் அறைச் சூட்டில் கிடக்கட்டுமாம். வட்டத் துளைக்குக் கீழே நகம் அளவுக்கு ஒரு கீறல் இருக்கும், அது இவள் போட்டது, அதை அக்காகிட்ட சொல்லியே ஆகணும் என்று இப்போது சொல்லி அவளே எழுதுகிறாள். அவள் பொய் சொல்லப் பழகவில்லை, அந்த மட்டில் அவள் என்னைப் போல இல்லை.

நின்றுகொண்டே சாப்பிடாதே, ஷிப்டு முடிந்தால் காலைத் தூக்கி வைத்துப் படு. நீ எங்கே இருந்தாலும் நன்றாக இரு, உன் அறையில் சத்தமும் சிரிப்பும் நிறையட்டும். மறக்காமல் பதில் போடு, அதில் என்னைத் திட்டு, அம்மா என்று பார்க்காமல் வாய் நிறையத் திட்டு. ஒரு வரி விடாமல் படித்துச் சொல்வேன் என்று உன் தங்கை இப்போதே சொல்லிவிட்டாள்.

இப்படிக்கு,
உன்னிடம் பொய் சொன்ன
அம்மா