மாதிரிக்கு அனுப்பிய முகம்

17 ஜூன், செவ்வாய்

ஈப்போவில் காலையிலிருந்து மழை. துணி காயவில்லை. மனைவி மாலா தெலுக் இந்தான் ஊரில்; அவள் தங்கைக்குப் பிரசவம். வீட்டில் நானும் மகள் தர்ஷினியும். மூன்றாவது நாளாக மேகி.

செய்ய வேண்டியவை:
– கார் ரோட் டேக்ஸ்
– மீன்
– சிவகாமி அக்கா படம் !!!

பழைய படங்களைக் கணினியில் சரிசெய்வது என் பிழைப்பு. பத்து வேலையில் எட்டு சிவகாமி அக்காவின் ஃபிரேம் கடையிலிருந்து வருவது. இந்தப் படம் கடைக்கு இல்லை. அவருடைய சொந்த அப்பா. கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டம், தொழிலாளர் லயத்துக்கு முன்னால் பால்மரம் வெட்டும் ஆட்கள் பதினொரு பேர். நடுவில் நிற்கும் அப்பாவின் முகத்தைப் பூஞ்சை தின்றுவிட்டது. தலைப்பாகையும் ஒரு காதும்தான் மிச்சம். அக்காவுக்கு இரண்டு வயதாக இருக்கும்போது இறந்தவர். வேறு படம் கிடையாது. அப்பா முகம் எப்படி இருக்கும் என்றே அக்காவுக்குத் தெரியாது. வரும் ஞாயிறு திதி.

போன செவ்வாய் தருவதாகச் சொன்னது. முடியாது என்று முதல் நாளே தெரியும். சொல்ல வாய் வரவில்லை. இதுவரை சொன்ன காரணங்கள்: கரண்ட் இல்லை, கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு, காய்ச்சல்.

தர்ஷினி: "பா, அடுத்து டெங்கின்னு சொல்லுங்க. ரெண்டு வாரம் கிடைக்கும்லா."

18 ஜூன், புதன்

வெயில். வெளிச்சம் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்க்க, எப்போதும்போல என் மூஞ்சியைப் படமெடுத்து அந்த ஓட்டையில் வைத்தேன். கூலி கேட்காமல் அசையாமல் உட்காரும் ஆள் நான்தான். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, மீசை வரைந்து, வயதை முப்பதுக்கு இறக்கினேன். முப்பது வயதில் நான் இவ்வளவு அழகாக இருந்ததில்லை.

மூன்று மணிக்கு போனில் சிவகாமி அக்கா: "தம்பி, எதாச்சும் காட்டுங்களேன். அம்மா கேட்டுக்கிட்டே இருக்காங்க."

மாதிரி அனுப்பினால் நாலு நாள் கிடைக்கும். பழைய வித்தை. அதையே அனுப்பினேன். "மாதிரி" என்று மட்டும் எழுதினேன். யார் முகம் என்று எழுதவில்லை.

19 ஜூன், வியாழன்

குரல் செய்தி. மூன்று முறை கேட்டேன். அக்கா அழுகிறார்.

"அம்மா பார்த்ததும் இவருதான்னுட்டாங்க. கண்ணுக்குக் கீழ அந்த மச்சத்தத் தொட்டுத் தொட்டுக் காட்டுறாங்க. மச்சம் இருந்தது எனக்கே தெரியாதே. உங்களுக்கு எப்படித் தம்பி தெரிஞ்சது?"

என் மச்சம். எப்போதும் மூக்குக்கண்ணாடிச் சட்டத்தில் மறைந்திருப்பது. அழிக்க மறந்தது.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். போனை எடுத்தேன். வைத்தேன். மீன் வாங்கப் போனேன். வாங்காமல் வந்தேன்.

20 ஜூன், வெள்ளி

அக்காவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம். மாதிரியில் அந்த முகத்தை மட்டும் பெரிதாக்கி, ஃபிரேம் போட்டு, கோப்பெங் வீட்டில் அம்மா அறையில் மாட்டிவிட்டார். சந்தன மாலை. நெற்றியில் குங்குமம். முன்னால் விளக்கு. நடுவில் நான்.

தர்ஷினி எட்டிப் பார்த்தாள். சிரிக்கத் தொடங்கி நடுவில் நிறுத்தினாள்.

"பா, உயிரோட இருக்கிற ஆளுக்கு மாலை போட்டு வெச்சிருக்காங்க. நம்ம அம்மாவுக்குத் தெரிஞ்சா?"

"தெரிய வேணாம்."

"அந்த ஆன்ட்டி இனிமே அவங்கப்பாவ நினைச்சா உங்க மூஞ்சிதான் வரும். பாவம்பா. போய்ச் சொல்லுங்க."

மாலை முழுக்க நெற்றியில் அரிப்பு, சரியாகப் பொட்டு வைக்கும் இடத்தில். கொசு என்று சொல்லிக்கொண்டேன். சவரம் செய்யவில்லை. செய்தால் அந்த மூஞ்சியைப் பார்க்க வேண்டும்.

22 ஜூன், ஞாயிறு

சொல்லிவிடுவது என்று முடிவு. வேலை போனால் போகட்டும். திதி முடிந்திருக்கும் என்று ஒரு மணிக்கு கோப்பெங் போய்ச் சேர்ந்தேன். முடியவில்லை. படையல் போட்டு ஒரு மணி நேரமாக இலை அப்படியே கிடந்ததாம். அக்காவின் அம்மா யாரையும் சாப்பிட விடவில்லை. "அவரு வரட்டும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம்.

வாசலில் நின்றபடியே அக்காவிடம் கொட்டினேன். முடியாது என்று முதல் நாளே தெரியும், காய்ச்சல் பொய், அது என் மூஞ்சி, எல்லாம்.

திட்டவில்லை. "கண்ணாடியக் கழட்டுங்க" என்றார். கழற்றினேன். கையிலிருந்து வாங்கிக்கொண்டார். வெகுநேரம் பார்த்தார்.

கண்ணாடி இல்லாவிட்டால் எனக்கு எல்லாம் மங்கல். உள்ளே விளக்கு ஒரு மஞ்சள் கறை. அதன் பக்கத்தில் ஒரு வெள்ளைச் சேலை எழுந்தது. மெதுவாக என்னிடம் வந்தது. குளிர்ந்த விரல் ஒன்று தடவித் தேடாமல் நேராக மச்சத்தின் மேல் வந்து நின்றது.

"வந்துட்டீங்களா," என்றார் அந்த அம்மா. "தலையெல்லாம் நரைச்சிருச்சே."

"இல்லம்மா, நான் வந்து..."

அக்கா என் முழங்கையைப் பிடித்தார். வலித்தது. காதருகில், "பேசாதீங்க. உக்காந்து சாப்பிடுங்க."

என் படத்துக்குக் கீழே, படையல் இலையில் உட்கார்ந்தேன். சோறு ஆறியிருந்தது. கருவாட்டுக் குழம்பு, அவருக்கு ரொம்பப் பிடிக்குமாம். எனக்கும் பிடிக்கும். அதுதான் பயமாக இருந்தது.

அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்து விசிறினார். "அங்க மழையா?" என்று கேட்டார்.

எங்கே என்று நான் கேட்கவில்லை. ஆமாம் என்று தலையாட்டினேன்.

மூன்று முறை சோறு வைத்தார். மூன்று முறையும் சாப்பிட்டேன்.

கிளம்பும்போது வாசலில் அக்கா கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தார். "கடை வேலையெல்லாம் உங்களுக்குத்தான், பயப்படாதீங்க," என்றார். கண்ணைப் பார்க்காமல் மச்சத்தைப் பார்த்தபடி, "புதன்கிழமை அமாவாசை. பத்து மணிக்கு வந்துடணும். இந்தக் கண்ணாடியப் போடாம வாங்க. இந்த வாட்டி லேட் பண்ணாதீங்க, அம்மா தாங்க மாட்டாங்க."

சரி என்றேன்.

அமாவாசை மாதாமாதம் வரும் என்பது வீடு திரும்பும் வழியில் சிம்பாங் பூலாயைத் தாண்டும்போதுதான் உறைத்தது.